சக்கரை குழாய்க்குள் படுத்துக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை

தாயி,

போன வாரம் பீரோவைத் திறந்துவைத்து, கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகிற சேலைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாய். நான் கட்டிலில் உட்கார்ந்து உன் ரவிக்கைகளுக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமலேயே கேட்டாய்: "ஏம்மா, அப்பா செத்ததுக்கு நீ ஏன் அழவே இல்ல?" கோபமில்லை, குறையில்லை. கல்யாணமாகிப் போகிறவள் போவதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும் என்று வைத்திருந்த கேள்வி மாதிரி இருந்தது. நான், "அந்தப் பச்சைச் சேலைய அடியில வை, சாயம் எறங்கும்" என்றேன். நீயும் அதற்குமேல் கேட்கவில்லை. வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. அவருக்கு உன் அப்பாவைத் தெரியாதே என்று சில விஷயங்களை உனக்குத் தெரிந்திருந்தும் எழுதியிருக்கிறேன்.

உன் அப்பா சாத்தூர் ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தார். சூலக்கரையில் நம் வீட்டிலிருந்து விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் வருவார். ஒருநாள் வரும்போது சட்டைக்குள் ஒரு சிப்பிப்பாறை நாய்க்குட்டியைப் போட்டுக்கொண்டு வந்தார். ஒட்டிய வயிறும் குச்சிக் காலுமாக, பார்க்கவே பாவமாக இருந்தது. தரையில் விட்டதும் தன் வாலைப் பிடிக்கத் தானே சுற்றியது. "சங்குச்சக்கரம் மாதிரில்ல சுத்துது" என்று சிரித்து, சக்கரம் என்று பெயர் வைத்தார். நீதான் அதைச் சக்கரை ஆக்கினாய். வளர்ந்தபிறகு அது ஓடினால் கண்ணால் பிடிக்க முடியாது. போலீஸ் நாய்ப் படையிலிருந்து ஓய்வு பெற்ற ஏட்டையா ஒருவர் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி இருக்கும் பொட்டலில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாய்களுக்குப் பழக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். சக்கரையைப் பார்த்துவிட்டு அவர்தான் அஜிலிட்டிப் போட்டியைப் பற்றிச் சொன்னார். நாயும் ஆளும் சேர்ந்து ஓட வேண்டும். ஆள் கைகாட்டி வாயால் சொல்ல, நாய் கம்பியைத் தாண்டணும், சாய்ந்தாடும் பலகையில் ஏறி இறங்கணும், வரிசையாக நட்ட குச்சிகளுக்கு இடையில் வளைந்து வளைந்து போகணும், துணிக்குழாய்க்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வரணும். வரிசை மாறக்கூடாது, நேரத்துக்குள் முடிக்கணும்.

வேலைவெட்டி இல்லாதவர்கள் பார்க்கிற வேலை என்று நான் திட்டுவேன். அவர் ஒருநாள் சொன்னார்: "வாரம் பூரா அம்புட்டுப் பேரையும் ஓடாத, ஒரசாத, எதையும் போடாதன்னு சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிக்குது. கம்பெனிக்குள்ள வேகமாக்கூட நடக்க மாட்டேன். ஞாயித்துக்கெளம ஒரு நாளாச்சும் ஓடிக்கிறேனே." அதற்குப்பிறகு திட்டுவதை விட்டுவிட்டேன். ஏறு, தாண்டு, வளை, பூரு என்று அவர் சக்கரைக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் அத்தனையும் நம்ம ஊர் வார்த்தைகள். பூரு என்றால் குழாய்க்குள் நுழை என்று அர்த்தம். மதுரைப் போட்டிக்கு அவர் பெயரும் சக்கரை பெயரும் கொடுத்தாயிற்று.

அந்தக் கோடையில்தான் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் தீப்பிடித்தது. மற்ற அறைகளில் இருந்தவர்களையெல்லாம் வெளியே ஓடச் சொல்லிவிட்டு இவர் மருந்து அறைப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். உள்ளே இருந்தவர்களையும் வெளியே கொண்டுவர முடியவில்லை, இவரும் வரவில்லை. எனக்குச் செய்தி வந்தபோது அச்சாபீஸில் பைண்டிங் மேசையில் இருந்தேன். பள்ளிக்கூட நோட்டு சீசன். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார். நான் கையில் இருந்த அடுக்கைத் தட்டி நேராக்கி, கயிறு போட்டுக் கட்டிவிட்டுத்தான் எழுந்தேன். இதை உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றார்கள். சரி என்றேன்.

அதிலிருந்து எல்லாவற்றுக்கும் சரிதான், தாயி. காலை மடக்கி ரொம்ப நேரம் உட்கார்ந்தால் மரத்துப்போகுமே, கிள்ளினாலும் யாரோ ஒருத்தர் காலைக் கிள்ளுகிற மாதிரி இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி ஆகிவிட்டது. "அழுதுரு, நெஞ்சுல வைக்காத" என்று மாரடித்துக்கொண்டே வந்தவர்கள் சொன்னார்கள். என் பெரியம்மா என் கன்னத்தில் ஓங்கி அறைந்தே பார்த்தாள், அப்போதாவது அழுகை வராதா என்று. "என்ன பெரியம்மா, கை வலிக்கப் போகுது" என்றேன். அவள்தான் அழுதாள். கம்பெனி ஆட்கள் வந்து பேசினார்கள், சரி என்றேன். உன் பெரியப்பா வந்தார். அவருடைய மச்சினனுக்கு உன்னைக் கொடுத்துவிடலாம், வருசம் திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும், தை பிறந்ததும் பூ வைக்கலாம் என்றார். அதற்கும் சரி என்றேன். நீ அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்தாய். ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாய். அன்றிலிருந்து என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாய். பேச்சுக் குறைந்ததுகூட எனக்கு உறைக்கவில்லை. அதுதான் உண்மை.

கார்த்திகையில் ஏட்டையா வீட்டுக்கு வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். "தாயி, மதுரைப் போட்டி வருது. சனியும் ஞாயிறும். அவுக குடுத்த பேரு அப்படியே இருக்கு. வீட்டாளுக யாராச்சும் ஓடலாம்ங்காக. நீங்க என்ன சொல்றீக?" என்றார். சரி என்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. "இல்ல, ரோசிச்சுச் சொல்லுங்க" என்றார். "சரிங்கய்யா, வாரேன்" என்றேன். எனக்கு ஆசையும் இல்லை, உன் அப்பா நினைவுக்காகச் செய்ய வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. யாராவது ஒரு பக்கம் கைகாட்டினால் அந்தப் பக்கம் நடந்தேன், அவ்வளவுதான். உனக்கு அது தெரிந்ததும் ஒரு கத்து கத்தினாய். "அப்பா செத்து வருசம் திரும்பல. நாயக் கூட்டிக்கிட்டு வெளாட்டுப் போட்டிக்குப் போறியா? ஊரு என்ன சொல்லும்?" ஊர் சொல்லத்தான் செய்தது. சனிக்கிழமை காலையில் நான் கிளம்பியபோது நீ புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாய். அதனால் மதுரையில் நடந்தது ஒன்றும் உனக்குத் தெரியாது.

அதற்கு முன்னால் பழகினோமே, அதைச் சொல்ல வேண்டும். பொட்டலில் நான் "தாண்டு" என்றால் சக்கரை தாண்டாது. என்னைப் பார்க்காது. எனக்குப் பின்னால் பார்க்கும். கழுத்தை நீட்டி, காதை விறைத்து, ரோட்டுப் பக்கம் பார்க்கும். வார்த்தை அவருடையது அல்லவா? வார்த்தை இங்கே இருக்கிறதே, ஆள் எங்கே என்று தேடியது. ஏட்டையா முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் திரும்பவும் "தாண்டு" என்பேன். அது திரும்பவும் எனக்குப் பின்னால் பார்க்கும். வாரம் போகப் போக, தேடி முடித்துவிட்டு வேண்டாவெறுப்பாகத் தாண்டியது. எனக்கு அதன்மேல் இரக்கம் வரவில்லை. பிடரியைத் தடவிக்கூடக் கொடுக்கவில்லை. சோறு வைத்தேன், தண்ணீர் வைத்தேன். உனக்கும் அப்படித்தான் வைத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஏட்டையா தெரிந்தவர் ஒருவரின் ஆம்னி வேனைப் பிடித்து வந்தார். மதுரையில் ஒரு கல்லூரி மைதானம். சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். நாய்களுக்குக் கூண்டு, மெத்தை, மின்விசிறி. ஆட்களுக்குக் கால்சட்டையும் ஷூவும். நான் கட்டியிருந்த நூல் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, ஊக்குக் குத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். மைக்கில் பெயர் சொன்னார்கள். உன் அப்பா பெயரைத்தான் சொன்னார்கள், மாற்ற மறந்துவிட்டார்கள் போல. சக்கரை சடாரென்று எழுந்து ஒலிபெருக்கியைப் பார்த்தது. அப்புறம் அதைப் பிடிக்க முடியவில்லை. கயிற்றை அவிழ்த்ததும் முதல் கம்பியைத் தாண்டியது, பிறகு பாதையை விட்டுவிட்டு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது. அவ்வளவு அழகான ஓட்டம் என்று எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒவ்வொரு ஆம்பளையிடமும் போய் முகர்ந்து பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போனது. அது என்ன செய்கிறது என்று எனக்கும் ஏட்டையாவுக்கும்தான் தெரியும். நடுவர் விசிலை ஊதினார். அன்றைக்கு அதோடு முடிந்தது.

அன்று சாயங்காலம், காரியாபட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒரு ஜவுளிக்கடைக்காரர் எங்களிடம் வந்தார். மரியாதையான மனிதர். சிப்பிப்பாறை நாய்கள்மேல் ஆசை உள்ளவர். "நாய் நல்ல ஜாதிம்மா. உங்க வீட்ல கட்டிப் போட்டு வச்சா வீணாயிரும். எங்கிட்ட குடுங்க. தோட்டத்துல அதுபாட்டுக்கு ஓடித் திரியட்டும். குட்டி போட்டா ஒண்ணு உங்களுக்கு" என்றார். சரி என்றேன். நாளைக்கு ஓட்டம் முடிந்ததும் கூட்டிப்போகச் சொன்னேன். அவர் போனபிறகு ஏட்டையாவுக்கு ஆற்றாமை. "என்ன தாயி, பொசுக்குன்னு சரின்னுட்டீக? அவுக வளத்த உசுரு. பிள்ளைட்ட ஒரு வார்த்த கேக்க வேணாமா?" என்றார். "அங்கனயாச்சும் நல்லாருக்கட்டும்யா" என்றேன். அதுவும் நான் யோசித்துச் சொன்னதில்லை. யாரோ எதற்கோ சொல்லிக் கேட்ட வாக்கியம்.

மறுநாள் காலையில் என் பெயரைத் திருத்திச் சொன்னார்கள். சக்கரை இந்தமுறை என் பக்கத்தில் நின்றது. கம்பிகளைத் தாண்டியது. சாய்ந்தாடும் பலகையில் ஏறி, பலகை தாழும்வரை நின்று, இறங்கியது. குச்சிகளுக்கு இடையில் வளைந்தது. நான் கூட ஓடினேன். ஓடுகிறோம் என்று தெரிந்ததே தவிர மூச்சு வாங்குவதுகூட எனக்குத் தெரியவில்லை. குழாய் வந்தது. "பூரு" என்றேன். உள்ளே போனது. நான் மறுவாயில் போய் நின்றேன். அது வரவில்லை. "வா சக்கரை" என்றேன். வரவில்லை. கூட்டம் சிரித்தது. விசில் கேட்டது. நேரம் முடிந்தது. ஏட்டையா கயிற்றோடு உள்ளே வரப் பார்த்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று இன்றுவரை தெரியாது. குனிந்து பார்த்தேன். நடுக்குழாயில் படுத்திருந்தது. முன்னங்கால்கள்மேல் தலையை வைத்துக்கொண்டு, போன வழியையும் பார்க்காமல், வருகிற வழியையும் பார்க்காமல் படுத்திருந்தது.

மண்டிபோட்டு உள்ளே நுழைந்தேன் தாயி. அத்தனை பேர் பார்க்க, தாலியறுத்தவள், சேலையைச் சுருட்டிக்கொண்டு நாய்க் குழாய்க்குள் தவழ்ந்து போனேன். உள்ளே மஞ்சளாக மங்கல் வெளிச்சம். துணி சூடாக இருந்தது. முதுகு மேலே இடித்ததால் படுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. என் முகமும் அதன் முகமும் ஒட்டினாற்போல இருந்தன. அது என்னைப் பார்த்தது. எனக்குப் பின்னால் பார்க்க அங்கே இடமில்லை. நான், "சக்கரை, அவுக வரமாட்டாக" என்றேன். அது கண்ணை எடுக்கவில்லை. "அவுக செத்துப்போனாக. நான் முகத்தப் பாக்கல. பாக்க வேணாம்னுட்டாக. ஆனா செத்துப்போனாக" என்றேன். அதுவரை யார் கேட்டாலும் "இல்லாமப் போய்ட்டாக" என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன். அந்த வார்த்தையை என் வாய் அன்றுதான் முதன்முதலாகச் சொன்னது. நாய்க்குப் புரிந்தது என்று கதை விட மாட்டேன். நாய்க்கு என்ன புரியும்? எனக்குக் காதில் விழுந்தது, அவ்வளவுதான். கொஞ்சநேரம் அப்படியே கிடந்தோம். அதன் நெஞ்சு என் கையில் இடித்துக்கொண்டிருந்தது. அப்போதும் அழுகை வரவில்லை. வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பிறகு அது எழுந்து என்னைத் தாண்டி, நான் நுழைந்த பக்கமாகவே வெளியே போனது. நான் பின்னாலேயே ஊர்ந்து வந்தேன்.

கை தட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று தெரியவில்லை. நடுவர் வயசானவர், பக்கத்தில் வந்து, "நேரம் போயிடுச்சும்மா, மார்க் கிடையாது. மிச்சத்தை முடிச்சுட்டுப் போகணும்னா போங்க" என்றார். மிச்சம், நுழைந்து தாண்டும் ஒரு டயரும் இரண்டு கம்பிகளும். "தாண்டு" என்றேன். சக்கரை என்னைப் பார்த்துவிட்டுத் தாண்டியது. கோட்டைத் தாண்டி வெளியே வந்தபோது ஜவுளிக்கடைக்காரர் புதுச் சங்கிலியோடு காத்திருந்தார். "போலாமாம்மா?" என்று கையை நீட்டினார். "இல்லங்க. தரமாட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. "நேத்து சரின்னீங்களே?" என்றார். "நேத்துச் சொன்னது நான் ரோசிச்சுச் சொன்னதில்ல. மன்னிச்சுக்கோங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. சக்கரையின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். வேனில் திருமங்கலம் தாண்டும்போதுதான் இரண்டு பாதங்களும் எரிந்தன. மைதானத்துச் சரளை குத்திக் கிழித்திருந்தது. ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. வலித்தது. "ஏட்டையா, கால் வலிக்குது" என்றேன். அவர் வேனை நிறுத்தச் சொல்லி, குடத்துத் தண்ணீர் வாங்கிவந்து ஊற்றினார். ரொம்ப நேரம் ஊற்றினார்.

வீட்டுக்கு வந்தால் உன் பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பூ வைக்கிற நாளைக் குறித்துக்கொண்டு வந்திருந்தார். நீ அறைக்குள் கதவைச் சாத்தியிருந்தாய். நான் செருப்புப் போட முடியாமல் நொண்டிக்கொண்டே வந்து நின்று, "அத்தான், பிள்ள படிக்கட்டும். இப்பக் கல்யாணம் வேணாம்" என்றேன். அவர் முதலில் நான் நாளைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்தார். "மாசி வேணும்னாலும் பாக்கலாம்" என்றார். "மாசியும் வேணாம். உங்க மச்சினனக் கொற சொல்லல. பிள்ளைக்கு வேணாம்." அவர் முகம் சிறுத்துப்போனது. "தம்பி இருந்தா எம்பேச்சத் தட்ட மாட்டான். நாய்ப் போட்டிக்குப் போய்ட்டு வந்து பேசுற பேச்சா இது? நீ ஒத்தையில இந்தப் பிள்ளைய என்ன செய்வ?" என்றார். "தெரியல அத்தான்" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். ரொம்பக் காலம் வரவில்லை. கல்யாணம் ஏன் நின்றது என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மச்சினன் வீட்டார்தான் பின்வாங்கினார்கள் என்று நீ நினைத்துக்கொண்டிருந்ததாகப் பிற்பாடு தெரிந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இன்று பந்தலுக்கு ஆள் பேசியிருப்பது அந்தப் பெரியப்பாதான். உன் கையைப் பிடித்துக் கொடுக்கப்போவதும் அவர்தான். மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதே.

உனக்குப் புத்தி சொல்லும் அளவுக்கு நான் ஒன்றும் தெரிந்தவளில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். புதுவீட்டில் எல்லாரும் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். களைப்பாக இருக்கும்போதோ துக்கமாக இருக்கும்போதோ யாராவது எதையாவது கேட்டால் உடனே தலையாட்டிவிடாதே. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல். மாப்பிள்ளையும் அப்படித் தலையாட்டுகிற நாள் வரும். வந்தால், அதை அவருடைய சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாமல், பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருமுறை கேள்.

உன் கேள்விக்கு வருகிறேன். ஏன் அழவில்லை என்று எனக்குத் தெரியாது. அவர்மேல் பாசமில்லாமல் இல்லை. வர வேண்டிய நேரத்தில் வரவில்லை, பிறகு வழி மறந்துவிட்டது போல. இன்றும் பாதி உடம்பு மரத்துத்தான் கிடக்கிறது. கால் வலிக்கிறது, பசிக்கிறது, உன் சமையலில் உப்புக் குறைந்தால் தெரிகிறது. அந்த மட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறேன். மண்டபத்தில் உன்னை அனுப்பும்போது எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் அழாமல்தான் நிற்பேன் என்று நினைக்கிறேன். கல்நெஞ்சுக்காரி என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். நீ என் முகத்தில் அழுகையைத் தேடாதே. காரில் ஏறிய உடனே முந்தானையை உள்ளே இழுத்து மடியில் வைத்துக்கொள். பட்டுச்சேலை கதவில் மாட்டிக்கொண்டால் கிழிந்துவிடும். அதைப் பார்த்துச் சரிசெய்ய நான் கதவுப் பக்கமாகத்தான் நிற்பேன்.

அம்மா